குசினிக்குப் பெயின்ற் அடிக்க முன்

தீவகத்து வீட்டை விற்க நினைப்பவர் காசை முதலில் எங்கே போட வேண்டும்?

நயினாதீவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் உரித்தாளிகள் பலர் இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். போர்க்காலத்தில் தீவகத்தை விட்டுப் போன குடும்பங்களில் மூத்தவர்களுக்கு இனிப் படகேறி வந்து போகும் தெம்பில்லை. பிள்ளைகளுக்கு ஊர்மேல் பாசம் இருக்கலாம், ஆனால் வந்து குடியிருக்கும் எண்ணம் இல்லை. வீட்டை விற்றுவிடுவோம் என்று ஒருவாறு முடிவானதும் பேச்சு குசினிக்குத் திரும்புகிறது. அலுமாரிக் கதவுகள் நிறம் மங்கி, ஒன்றிரண்டு தொங்கி, பார்க்க அந்தமாக இல்லை. பெயின்ற் அடித்துவிட்டு விற்றால் கூட விலை வருமா, அடிக்காமல் விட்டால் நட்டமா? கேள்வி சிறியதாகத் தெரியலாம். ஆனால் விற்பதற்கென்று ஒதுக்கிய காசு அளவானது. அதில் எது முதலில், எது பிறகு என்று தீர்மானிப்பதில்தான் விற்பனையின் முழு வெற்றியும் தங்கியிருக்கிறது.

நயினாதீவில் வீடு வாங்க வருபவரின் மனதில் இருக்கும் கேள்விகளுக்குப் பெயின்ற் பதில் சொல்வதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். உறுதி, தண்ணீர், எல்லை, கூரை என்ற நான்கையும் ஒழுங்குபடுத்திய பிறகு, கெட்டுப்போகாத மரத்துக்கு மட்டும் பூச்சு அடிக்கலாம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பூச்சுக்குப் போட்ட காசு திரும்பாது. சில வீடுகளில் அந்தப் புதுப் பூச்சே விலையைக் கீழே இழுத்துவிடும்.

அறிவுரை எங்கிருந்து வருகிறது

குசினியைப் புதுப்பித்துவிட்டு விற்க வேண்டும் என்ற அறிவுரை வட அமெரிக்க வீட்டுச் சந்தையிலிருந்து வருவது. அங்கே அது வெறும் நம்பிக்கை இல்லை, கணக்குப் பார்த்துச் சொல்லப்படுவது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் வெளியாகும் 'கொஸ்ட் வேர்சஸ் வலியூ' அறிக்கை, வீட்டில் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் செலவில் எவ்வளவு விற்பனை விலையில் திரும்புகிறது என்று மதிப்பிடுகிறது. 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி, அலுமாரியின் உடலை அப்படியே வைத்துக்கொண்டு முகப்பை மட்டும் மாற்றுவது போன்ற சிறிய குசினித் திருத்தத்துக்குச் செலவில் சுமார் 96 சதவீதம் திரும்புகிறது. குசினியை முற்றாக இடித்து ஆடம்பரமாகக் கட்டினால் திரும்புவது சுமார் 38 சதவீதம்தான். குசினியைக் காட்டிலும் கூடிய பலன் தருவது வாகனக் கொட்டிலின் கதவை மாற்றுவது என்பதும் அதே அறிக்கையில் உள்ள செய்தி. ஆகவே அமெரிக்கக் கணக்குங்கூடக் குசினிக்கு அள்ளி இறைக்கச் சொல்லவில்லை. கொஞ்சமாகச் செய், மேற்பரப்போடு நிறுத்து என்றே சொல்கிறது.

அந்தக் கணக்கு அங்கே ஏன் சரியாக வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ரொறன்ரோவின் புறநகரில் ஒரு வீடு விலைக்கு வரும்போது அதன் உரிமைப் பத்திரத்தில் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. இருந்தாலும் அதற்குக் காப்புறுதி உண்டு. தண்ணீர் நகரசபைக் குழாயில் வருகிறது. எல்லை அளந்து பதியப்பட்டது. வீட்டைப் பரிசோதித்து அறிக்கை எழுதவே தொழில்முறை ஆட்கள் இருக்கிறார்கள். ஒரே தெருவில் ஒரே அமைப்பில் பல வீடுகள் நிற்பதால் அயல் வீடு என்ன விலைக்குப் போனது என்பதும் எல்லோருக்கும் தெரியும். பெரிய கேள்விகள் எல்லாம் இப்படி முன்கூட்டியே தீர்ந்துபோன இடத்தில், இரண்டு வீடுகளுக்கு இடையே மிஞ்சும் வேறுபாடு குசினியின் முகம்தான். ஆகவே அங்கே பூச்சு விலை பேசுகிறது. குறிகட்டுவானிலிருந்து படகேறி வந்து வளவுக்குள் கால் வைப்பவருக்கு அந்தப் பெரிய கேள்விகளில் ஒன்றுகூடத் தீர்ந்திருப்பதில்லை. தீராத கேள்விகளோடு நிற்பவருக்கு அலுமாரியின் நிறத்தைக் காட்டி என்ன பயன்?

உப்புக்காற்றும் அலுமாரியும்

தீவக வீடுகளின் குசினியை மூன்று காலத்ததாகப் பிரிக்கலாம். பழைய நாற்சார் வீடுகளிலும் ஓட்டு வீடுகளிலும் குசினி பின்பக்கம் தனியாக இருக்கும். விறகு அடுப்பு, அதற்கு மேல் புகைக்கூடு, கரி படிந்த சுவர், சுவரில் பதித்த தட்டு. அங்கே அலுமாரி என்று சொல்ல ஒன்றுமில்லை, இருந்தால் வலை அடித்த மரப்பெட்டி ஒன்று. அடுத்த காலத்துச் சீமெந்து வீடுகளில், சீமெந்துத் தட்டுக் கட்டி அதற்கு மரக்கதவு போட்டார்கள். வெளிநாட்டுக் காசு வரத் தொடங்கிய பிறகு திருத்திய வீடுகளில்தான் கொழும்புப் பாணியில் 'பென்ரி கபேட்' வந்தது. அது பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, மேலே மெலமைன் தோல். இன்றைய கேள்வி பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வகைகளைப் பற்றியது. இரண்டுக்கும் பதில் ஒன்றாக இருக்க முடியாது.

பல மழைக்காலம் பூட்டிக் கிடந்த ஒரு பென்ரி கபேட்டைத் திறந்து பார்ப்போம். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கும் கதவுதான் முதலில் கதை சொல்லும். அதன் கீழ் விளிம்பு உப்பி, விரல் அகலத்துக்கு மெலமைன் தோல் பிரிந்து நிற்கும். உள்ளே இருக்கும் மரத்தூள் பலகையை நகத்தால் கீறினால் உதிரும். பிணைச்சல் கறள் பிடித்து, திருகாணி இருந்த துளை பெருத்துப் போயிருக்கும். அதனால்தான் கதவு தொங்குகிறது. பின்பலகையில் பூஞ்சணம், மூலையில் கறையான் மண். இந்தப் பலகை ஒருதரம் தண்ணீர் குடித்து உப்பினால் காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. அதற்கு மேல் எத்தனை தரம் பெயின்ற் அடித்தாலும் உப்பல் அப்படியே தெரியும். மெலமைன் தோலோ வழுவழுப்பானது. அதைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பிடிப்புத் தரும் முதற்பூச்சு அடிக்காமல் எனாமல் அடித்தால் சில மாதங்களில் தோலாக உரியும்.

சீமெந்துத் தட்டின் மரக்கதவுக்கு விதி வேறு. அது வேம்போ தேக்கோ முதிரையோ என்றால் பல பத்தாண்டுகள் கழிந்தும் மரம் உறுதியாக நிற்கும். பிணைச்சலை மாற்றி, தேய்த்து, பட்டி பூசி, இரண்டு தரம் எனாமல் அடித்தால் அது உண்மையான திருத்தம். ஆனால் இங்கேயும் ஓர் எச்சரிக்கை உண்டு. இலங்கையில் பெயின்றில் ஈயத்தின் அளவுக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல். அதற்கு முந்திய எனாமலில் ஈயம் கூடுதலாக இருக்கக்கூடும். அப்படிப்பட்ட கதவைக் காய்ந்தபடி தேய்த்துத் தூசு பறக்கவிடுவது வேலை செய்பவருக்கும் அந்த வளவில் விளையாடும் பிள்ளைகளுக்கும் கேடு. ஈரத்தோடு தேய்த்து, தூசைத் துடைத்து எடுத்து, தள்ளிக் கொட்ட வேண்டும்.

சுவரின் கதையும் அலுமாரியின் கதையோடு சேர்ந்தது. தீவகத்தில் பழைய சுவர்கள் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கலந்து எழுந்தவை. பிந்திய சீமெந்துச் சுவர்களிலோ உவர்த் தண்ணீரில் குழைத்த சாந்து இருக்கலாம். இரண்டிலும் உப்பு உள்ளே இருக்கிறது. உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சும், காயும்போது படிகமாகிச் சுவரின் மேற்பரப்பைத் தள்ளும். சுண்ணாம்பு வெள்ளை அடித்த சுவர் மூச்சு விடும். ஈரம் வெளியே போய்விடும். பிளாஸ்ரிக் தன்மையுள்ள எமல்ஷன் அடித்தால் ஈரம் அடைபட்டுக் கொப்பளமாகக் கிளம்பும். அலுமாரிக்கு அடித்த கையோடு குசினிச் சுவருக்கும் பளபளப்பாக ஒரு பூச்சு என்று தொடங்குபவர்கள் மாரி முடியும்போது காண்பது இந்தக் கொப்பளங்களைத்தான். இவ்வளவுக்கும் பெயின்ற் தகரமும் தூரிகையும் பலகையும் குறிகட்டுவான் வரை வாகனத்தில் வந்து, அங்கிருந்து படகேறி, இறங்குதுறையிலிருந்து மறுபடி ஏற்றி வர வேண்டும். ஓடாவியும் பெயின்ற் வேலைக்காரரும் வெளியிலிருந்து வந்தால் கடைசிப் படகுக்கு முன் வேலையை நிறுத்துவார்கள், அல்லது தங்க இடம் கேட்பார்கள். யாழ்ப்பாண நகரில் ஆகும் செலவை வைத்து நயினாதீவுக்குக் கணக்குப் போடக் கூடாது.

வாங்குபவர் கேட்பது என்ன

தீவகத்தில் வீட்டு விலை பெரும்பாலும் காணியிலிருந்து தொடங்குகிறது. பரப்பு என்ன விலை என்பது முதற் பேச்சு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். வீடு அதற்கு மேல் சேரும் ஒரு தொகை. அந்தத் தொகையிலும் குசினி ஒரு சிறு பங்கு, குசினியில் அலுமாரி அதனிலும் சிறு பங்கு. முழு விலையையும் தாங்கி நிற்பது காணியின் உரிமை. அதில் ஐயம் எழுந்தால் பரப்பு விலையே இறங்கும், அல்லது வாங்க வந்தவர் திரும்பிப் போவார்.

உறுதியை எடுத்துக்கொள்வோம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுத்தில் நிறைவேற வேண்டும். வாய்ப்பேச்சும் கைக்காசும் செல்லாது. யாழ்ப்பாணத் தமிழருக்கு அதற்கு மேல் தேசவழமையும் உண்டு. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட அந்த வழமை சொத்தை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று பிரிக்கிறது. வீடு எந்த வகையில் வந்தது என்பதைப் பொறுத்தே யாருடைய கையெழுத்து வேண்டும் என்பது தீரும். மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பங்குக் காணியை விற்பதாயின் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு என்பதை 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் வரையறுத்தது. நான்கு சகோதரர் நான்கு நாடுகளில் இருக்கும் குடும்பத்தில் ஒருவரின் அற்றோணித் தத்துவம் குறைந்தாலும் உறுதி முடியாது. ஒரு பங்காளிக்கு முறையாக அறிவிக்காமல் விற்றால், வாங்கியவர் பின்னர் வழக்கைச் சந்திக்க நேரும். இதை அறிந்த வாங்குநர் முதலில் கேட்பது கடதாசிகளையே.

எல்லையும் அப்படியே. நீண்ட காலம் ஆளில்லாத வளவில் கதியால் உக்கி, வேலி நகர்ந்து, பக்கத்தவரின் தென்னை இப்பால் நிற்கும். 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, பத்து ஆண்டுகள் இடையூறின்றி எதிர் உரிமையோடு ஆண்டவர் அந்தக் காணிக்கு உரிமை கோரலாம். போர்க்காலத்தில் ஊரில் இருந்து உரிமையைக் காக்க முடியாதவர்களுக்காக 2016இல் கொண்டுவந்த 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கிலிருந்து விலக்கி வழக்காட வழி திறந்தது. ஆனால் அந்த வழியும் காலவரையறையோடுதான் வந்தது. 2009 கழிந்து இன்று பத்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது என்பதையும் விற்பவர் நினைவில் வைக்க வேண்டும். புதிய அளவை வரைபடம் ஒன்று, நான்கு மூலைக்கும் கல், அயலவருடன் ஒரு நல்ல பேச்சு ஆகியவை வாங்க வருபவரின் பயத்தைப் போக்கும் அளவுக்கு எந்த நிறமும் போக்காது.

உரிமையைத் தெளிவாக எழுதி எல்லோரும் காண வைக்கும் வழக்கம் இந்தத் தீவுக்குப் புதிதல்ல. நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, முதலாம் பராக்கிரமபாகு ஊராத்துறைக்கு வரும் அந்நிய வணிகர் தொடர்பாக இட்ட ஆணை. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபப் பொருள் ஏற்றிய கலமானால் செம்பாதி. கரை ஒதுங்கிய பொருளில் யாருக்கு எவ்வளவு என்பதைத் தமிழில் கல்லில் வெட்டி வைத்த இடத்தில், வீட்டின் பங்கு யாருக்கு எவ்வளவு என்ற கேள்வியைத் தீர்க்காமல் விற்பனைக்கு வருவது பெருங்குறை.

அடுத்தது தண்ணீர். வாங்க வந்தவர் குசினிக்குள் நுழையும் முன் கிணற்றடிக்குப் போவார், வாளியால் அள்ளி வாயில் ஊற்றிப் பார்ப்பார். அவர் செய்வது சரியான பரிசோதனை. சிறிய தீவில் நன்னீர் என்பது சுண்ணாம்புப் பாறைக்குள் கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படை. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நிற்கும் என்பது நிலத்தடி நீரியலின் பொது விதி. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி கடல் ஏறும். மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடும் இந்தப் பகுதியில், கிணற்றின் உண்மை தெரிவது ஆனி, ஆடி, ஆவணியில். மாரியில் இனிக்கும் கிணறு சோளகக் காலத்தில் உவர்க்கலாம். ஆகவே கிணற்றை இறைத்துத் தூர்வாரி, கோடையில் தண்ணீர் எடுத்துப் பரிசோதித்து, அந்த அறிக்கையைக் கையில் வைத்திருப்பவர் அயல் வளவுக்காரர் எவரையும் விட முன்னே நிற்கிறார். அந்தத் தண்ணீர் உவர் என்றால் மழைநீர்த் தொட்டி ஒன்று, ஓட்டிலிருந்து அதற்கு இறங்கும் பீலி ஒன்று. அலுமாரிப் பூச்சுக்கு ஒதுக்கிய காசு அங்கே போகட்டும்.

கடைசியாகக் கூரையும் கொங்கிரீற்றும். கடற்காற்றின் உப்பு கொங்கிரீற்றுக்குள் ஊறிக் கம்பியைத் தொட்டால் கம்பி கறள் கட்டும். கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கொங்கிரீற்று வெடித்துக் கழரும். சன்னல் மேற்தட்டின் கீழ்ப்புறத்திலும் தண்ணீர்த் தொட்டியின் தூணிலும் நீளவாக்கில் ஓடும் வெடிப்பு அதன் அடையாளம். ஓட்டு வீடானால் தீராந்தியும் சலாகையும் கறையானுக்கு இரையாகாமல் இருக்கிறதா என்பதே கேள்வி. பனஞ்சலாகை நன்றாக இருந்தால் வீடு இன்னொரு தலைமுறைக்கு நிற்கும்.

பூச்சு எழுப்பும் சந்தேகம்

பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லோவ் 1970இல் எழுதிய ஆய்வுரை ஒன்று பழைய கார்ச் சந்தையைப் பற்றியது. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு. விற்பவருக்குப் பொருளின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாப் பொருளிலும் குறை இருக்கும் என்று எண்ணியே விலை சொல்வார். நல்ல பொருள் வைத்திருப்பவருக்கும் குறைந்த விலைதான் கிடைக்கும். பூட்டிக் கிடந்த தீவக வீடு இந்தப் பாடத்துக்கு அப்படியே பொருந்தும். வீடு இருபது ஆண்டாகப் பூட்டிக் கிடந்தது என்பது ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் குசினி மட்டும் நேற்று அடித்த பெயின்றோடு மணத்தால், வந்தவர் கேட்கும் முதற் கேள்வி இதற்குள் என்ன மறைந்திருக்கிறது என்பதுதான். விரலால் தட்டிப் பார்ப்பார், கீழ் விளிம்பைத் தடவிப் பார்ப்பார், உப்பல் அகப்பட்டால் அதே சந்தேகத்தோடு கூரையையும் உறுதியையும் பார்ப்பார். சிறிய இடத்தில் ஒரு மறைப்பு தெரிந்துவிட்டால் பெரிய இடத்தில் சொல்லும் உண்மையும் எடுபடாது.

இது விலைப் பேச்சோடு முடிவதும் இல்லை. இலங்கையில் காணி, வீடு விற்பனைக்கு அடிப்படையாக இருக்கும் உரோமன் டச்சுச் சட்டத்தில், கண்ணுக்குத் தெரியாத குறையைத் தெரிந்தே மறைத்து விற்றவர் பொறுப்பாளி என்பது பழைய கொள்கை. ஈரம் ஊறும் சுவரைப் பூச்சால் மூடி விற்பவர் அந்த ஆபத்தையும் சேர்த்தே வாங்குகிறார். நயினாதீவு போன்ற சிறிய ஊரில் நீதிமன்றத்துக்கு முன்னமே ஊர்வாய் தீர்ப்புச் சொல்லிவிடும்.

எதிர்வாதங்கள்

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை வலிமையானவை, அவற்றை ஒதுக்கிவிட முடியாது. முதலாவது, இன்று வீடு தேடுபவர் படத்தைப் பார்த்தே தேடுகிறார் என்பது. கைத்தொலைபேசியில் மங்கிய குசினியைக் கண்டதும் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார், கிணற்றை ருசி பார்க்க அவர் படகேறினால்தானே? இந்த வாதம் கொழும்பு அடுக்குமாடிக்குச் சரி. நயினாதீவில் வாங்குபவர் வட்டம் மிகச் சிறியது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரிமை மாற்றுவதைத் தடுக்கிறது. பிறந்த ஊரே ஆனாலும், கனடியப் பிரசையாகி இலங்கைப் பிரசாவுரிமையை இழந்து இரட்டைப் பிரசாவுரிமை பெறாதவர் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். உரித்து வழியாக உறவினருக்குச் சேருவதற்கு விலக்கு உண்டு, ஆனால் விலைக்கு வாங்குவதற்கு இரட்டைப் பிரசாவுரிமை வேண்டும். ஆகவே படத்தைப் பார்த்து ஆசைப்படுபவர் பலராக இருந்தாலும் உறுதி முடிக்கக்கூடியவர் சிலரே. அந்தச் சிலர் ஊரை அறிந்தவர்கள், ஊரில் ஆள் வைத்து விசாரிப்பவர்கள். அவர்களுக்கு அனுப்ப வேண்டிய படங்கள் உறுதியின் முதற்பக்கம், அளவை வரைபடம், கிணறு, கூரையின் உட்புறம். குசினிப் படமும் சேரட்டும், ஆனால் கழுவித் துடைத்த குசினியாக, இருக்கிறபடி.

இரண்டாவது வாதம், பூச்சுக்கு ஆகும் காசு மிகச் சிறிது, அதையேன் மிச்சம் பிடிக்க வேண்டும் என்பது. பெயின்ற் தகரத்தின் விலை சிறிதுதான். உப்பிய கதவைக் கழற்றி மாற்றுவது, பிணைச்சல், தேய்ப்பு, முதற்பூச்சு, இரண்டு பூச்சு, படகுக்கூலி, ஆட்கூலி, மேற்பார்க்க உறவினர் வந்து போகும் செலவு எல்லாம் சேரும்போது அது சிறிதல்ல. அதோடு வெளிநாட்டிலிருந்து நடத்தும் வேலையில் காசைவிடப் பெரிய செலவு கவனம். ஊரில் உதவ ஒரேயொரு ஒன்றுவிட்ட தம்பி இருந்தால், அவருடைய ஒரு மாதத்தை ஓடாவிக்குப் பின்னால் அலைய வைப்பதா, காணிப் பதிவகத்துக்கும் நில அளவையாளருக்கும் பிரதேச சபையின் சோலைவரிப் பற்றுச்சீட்டுக்கும் அனுப்புவதா? இரண்டையும் ஒரேநேரம் செய்ய அவரால் இயலாது.

மூன்றாவது வாதம்தான் மிகவும் மனிதத்தன்மையுள்ளது. ஆளில்லாத வீடு பார்ப்பவரின் மனதைச் சோர்த்துவிடும், அதற்கு உயிர் கொடுக்க வேண்டாமா என்பது. நிச்சயமாக வேண்டும். அதற்குத் தேவையானவை வேறு. வளவில் மண்டிய பற்றையை வெட்டுவது, ஒட்டறை அடிப்பது, நிலத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுவது, யன்னல்களைச் சில நாட்கள் திறந்து காற்று விடுவது, வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, மின்சாரத்தையும் தண்ணீர்ப் பம்பியையும் ஓட வைப்பது. இவை எதையும் மறைக்காதவை. வீட்டைக் கவனித்திருக்கிறார்கள் என்பதை வந்தவருக்குக் காட்டுபவை. உப்பிப்போன கதவுகளைக் கழற்றி எடுத்துவிட்டுச் சீமெந்துத் தட்டைத் துப்புரவாக விடுவது அவற்றுக்கு மேல் பெயின்ற் அடிப்பதைவிட நன்றாகத் தெரியும்.

நான்காவதாக, நயினாதீவு யாத்திரைத் தலம், விடுதி நடத்த வாங்குபவருக்கு அழகான குசினி வேண்டுமே என்பார்கள். ஆனி மாதத் திருவிழாவுக்கு அம்மன் கோயிலுக்கு வரும் கூட்டமும் ஆண்டு முழுவதும் நாகவிகாரைக்கு வரும் தென்னிலங்கை யாத்திரிகரும் இந்தத் தீவின் உண்மையான வருமானம் என்பது மெய்தான். ஆனால் விடுதி நடத்த வருபவர் குடும்பக் குசினியை அப்படியே வைத்திருக்க மாட்டார். பெரிய அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் இடம் வேண்டும் என்று இடித்துத்தான் கட்டுவார். அவருக்கு வேண்டியவை இறங்குதுறைக்கும் கோயிலுக்கும் உள்ள தூரம், கழிப்பறை, தண்ணீர், வாகனம் திரும்பும் படலை. அவர் இடிக்கப்போகும் அலுமாரிக்கு விற்பவர் பூச்சு அடிப்பது காசைக் கடலில் போடுவது.

எப்போது அடிக்கலாம்

இவ்வளவும் சொன்ன பிறகும் பெயின்ற் அடிக்கவே கூடாது என்பது முடிவல்ல. மூன்று நிபந்தனைகள் கூடினால் தாராளமாக அடிக்கலாம். மரம் உண்மையான மரமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். குசினியில் ஈரம் வரும் வழி, அதாவது ஒழுகும் ஓடோ கசியும் குழாயோ, முதலில் அடைபட்டிருக்க வேண்டும். உறுதி, வரைபடம், கிணறு, கூரை என்ற நான்குக்கும் பதில் கையில் இருக்க வேண்டும். அப்படியானால் மாசி முதல் சித்திரை வரையான காலமே உகந்தது. மாரி ஈரம் வற்றியிருக்கும், சோளகம் உப்பையும் புழுதியையும் அள்ளி வரத் தொடங்கியிருக்காது. எனாமல் சில மணிநேரத்தில் தொட்டால் ஒட்டாது என்றாலும் நன்றாக இறுக வாரக்கணக்கு எடுக்கும். ஆகவே வாங்குபவர் வரும் கிழமைக்கு முன்னால் அடிக்கும் பூச்சு இளகிய நிலையில்தான் இருக்கும். நிறம் வெள்ளையோ வெளிர் சாம்பலோ போதும். கடும் நிறம் வாங்குபவரின் விருப்பத்தில் தலையிடுவது.

மரத்தூள் பலகை உப்பியிருந்தால் அடிக்க வேண்டாம், கழற்றிவிடுங்கள். மெலமைன் தோல் நன்றாக இருந்து நிறம் மட்டும் மங்கியிருந்தால் கழுவித் துடைத்துப் பிணைச்சலையும் கைபிடியையும் மாற்றுங்கள். அதுவே அதற்கு உரிய மரியாதை. எந்த நிலையிலும், திருத்தாத குறை எது என்பதை வாங்க வருபவருக்கு விற்பவரே முந்திச் சொல்ல வேண்டும். கூரையின் தென்மூலையில் இரண்டு சலாகை மாற்ற வேண்டும், அதற்கு ஏற்ப விலை சொல்லியிருக்கிறேன் என்று சொல்பவரின் உறுதிக் கட்டை வாங்குபவர் வேறு கண்ணோடு பார்ப்பார்.

வெளிநாட்டிலிருந்து இதை வாசிக்கும் உரித்தாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு வீட்டை விற்க எண்ணினால், பெயின்ற் கடையின் நிற அட்டையைப் பார்க்க முன் சகோதரர்களை ஒன்றாக அழையுங்கள். மூல உறுதி யாரிடம் இருக்கிறது, யார் யாருடைய கையெழுத்து வேண்டும், பங்காளிகளில் வாங்க விரும்புபவர் உண்டா என்பதை எழுதி முடியுங்கள். தாய் தகப்பன் இருக்கும்போதே அதைச் செய்யுங்கள், எல்லைக்கல் எங்கே நட்டது என்று அவர்களுக்குத்தான் தெரியும். பிறகு அளவையாளரை அனுப்புங்கள், கிணற்றை இறைப்பியுங்கள், கூரையைப் பாருங்கள். அதற்குப் பிறகும் காசு மிஞ்சினால், மரமும் நன்றாக இருந்தால், குசினி அலுமாரிக்கு இரண்டு பூச்சு அடியுங்கள்.